டர்போ கட்சி எலுமிச்சை

பழைய கார் விற்கும் கடையில் இரண்டு குட்டி டீசல் கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. நிறம் ஒன்று, விலையும் ஒன்று, எஞ்சின்தான் வேறு. எதை எடுப்பது என்று மங்கையர்க்கரசியும் அவள் கணவனும் குழம்பிக்கொண்டிருக்க, பூஜைத் தட்டில் கிடந்த எலுமிச்சைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நான் மைலேஜ் நல்லா தருவேன்," என்றது சின்ன எஞ்சின் கார்.

"மேடு வந்தா ஏசியை அணைக்கணும். அதையும் சொல்லு!" என்று உறுமியது டர்போ எஞ்சின் கார்.

"அப்படிக் கேளுங்கண்ணே!" எலுமிச்சை துள்ளியது. "ஏய் நோஞ்சான், உன்னை எவன் வாங்குவான்?"

"உனக்கு ஏம்ப்பா இவ்வளவு கோபம்?" என்றது சின்னது.

"எங்க அண்ணன் ஜெயிக்கணும்!"

கணவன் சின்னதின் கதவைத் திறந்தான். எலுமிச்சை பதறிப்போய்த் தட்டின் விளிம்புக்கே உருண்டது.

"வேண்டாங்க," என்றாள் மங்கையர்க்கரசி. "எங்கம்மா வீடு மலைமேல இருக்கு. டர்போவையே எடுப்போம்."

"ஜெயிச்சிட்டோம்!" என்று எலுமிச்சை கூவியது. கடைக்காரர் சூடம் காட்டிவிட்டு, அதை எடுத்து டர்போவின் முன் சக்கரத்துக்கு அடியில் வைத்தார்.

"அண்ணே, நான்தாண்ணே! உங்க ஆளு!"

"தெரியாதாப்பா? எனக்காக எவ்வளவு கத்தினே," என்றது டர்போ பாசமாக.

சாவி திரும்பியது.