இடது கால்

தன் தொடர்கதை நாயகியை எழுத்தாளர் மாடிப்படியில் உருட்டிவிட்டுக் கொன்றார். வாசகிகளோ அவளைப் பிழைக்கவைத்து, ஆளாளுக்கு இணையத்தில் எழுதித் தள்ளினார்கள். வாசகர் கூட்டத்தில் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ செத்துட்டா. பெத்தவன் நான் சொல்றேன்!"

"கொன்னவன்னு சொல்லுங்க," என்றாள் முன்வரிசைக்காரி. "நாங்க காப்பாத்திட்டோம். இடது கால்தான் சரியாகல. இழுத்து இழுத்து நடக்கிறா."

அன்று ஒருவரும் அவரிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

கறுவிக்கொண்டே வீடு திரும்பினார். வாசலில் யாரோ ஒருத்தியின் செருப்பு கிடந்தது. இடது செருப்பின் முனை மட்டும் தரையில் உரசித் தேய்ந்திருந்தது.

"உங்க வாசகியான்னு கேட்டேன், முறைச்சா," என்றாள் மனைவி. "நடக்கவே முடியல, ஆனாலும் விடாம மாடி ஏறிட்டா. படி உச்சியில நிக்கிறா. உங்கள மேல வரச் சொல்றா."