பல்செட்டோடு உறங்குபவள்

பல் டாக்டர் விளக்கைத் திருப்பி அந்த அம்மாளின் வாய்க்குள் பார்த்தார். நாக்கில் தயிர் உறைந்ததுபோல் வெள்ளைப் படலம். பல்செட் உட்காரும் மேலண்ணம் செக்கச்செவேலென்று இருந்தது.

“மறுபடியும் பூஞ்சைத் தொற்று. ராத்திரி பல்செட்டைக் கழற்றுறீங்களா, இல்லையாம்மா?”

அம்மாள் உதட்டை இறுக்க மூடிக்கொண்டாள்.

“சொட்டு மருந்தை வாய் முழுக்கப் படற மாதிரி வெச்சிருந்து முழுங்கணும். அது பாதிதான். பல்செட்டைத் தேய்ச்சுக் கழுவி, தண்ணியில போட்டுட்டுத் தூங்கணும். ராவும் பகலும் வாய்லயே இருந்தா மருந்து என்ன பண்ணும்?”

“அவர் பார்ப்பாரே, டாக்டர்.”

“யாரு, வீட்டுக்காரரா?”

“பொக்கை வாயோட என்னை அவர் பார்த்ததே இல்ல. கட்டிலுக்கு நேரெதிரே இருக்கார்.”

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விளக்கை அணைச்சிட்டுக் கழற்றுங்களேன்!”

“அவர் பக்கத்து விளக்கை நான் அணைக்கிறதே இல்ல.”

“நல்ல ஜோடிதான் போங்க. சரி, சாப்பிட முடியுதா?”

“தண்ணி பட்டாலே எரியுது. பாதி நாள் பட்டினிதான்.”

டாக்டரின் சிரிப்பு நின்றது. “இப்படியே விட்டா தொண்டைக்குள்ள இறங்கிடும்மா. உங்க வெட்கத்தை நான் பார்த்துக்கிறேன். அவர்கிட்ட நானே பேசுறேன். அடுத்த தடவை கையோட கூட்டிட்டு வாங்க.”

அம்மாள் மடியில் இருந்த பையைத் தடவியபடி யோசித்தாள்.

“அவரை ஆணியிலேருந்து இறக்கிடலாம், டாக்டர். பஸ் நெரிசல்ல கண்ணாடி உடைஞ்சிட்டா, அப்புறம் வீட்ல எனக்கு வேற யார் இருக்கா?”