பதினேழு பக்கம்

ஆபீஸ் பியூன் தயாளன் கையில் சால்வையும் சந்தன மாலையும் இருப்பதைப் பார்த்ததும் தோத்தாத்ரிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஒன்றும் தெரியாதவர்போல், "யாருக்குய்யா இதெல்லாம்?" என்று கேட்டார்.

"ஒங்களுக்குத்தான் சார். மொதலாளி தாம்பரம் போய் வாங்கியாரச் சொன்னாரு. நாலு மணிக்கு அல்லாரும் ஹாலுக்கு வரணுமாம்."

ஜெனரல் மேனேஜர் நாற்காலி காலியாகி ஒரு மாதம் ஆகிறது. பின்னே வேறு எதற்குச் சால்வை? தோத்தாத்ரி உடனே சேலையூர் வீட்டுக்குப் போன் போட்டு, "கேசரி கிண்டி வை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார்.

திருமுடிவாக்கத்தில் இன்வெர்ட்டர் செய்யும் அந்தக் கம்பெனியில் அவர் புகார்ப் பிரிவு மேனேஜர். புகாரைக் கேட்பதற்கென்றே சம்பளம் வாங்கும் அந்த மகானுக்கு, புகார் சொல்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. கரண்ட் போன நேரத்தில் இன்வெர்ட்டர் ஓடவில்லை என்று யாராவது போன் செய்தால், "சுவிட்ச் போடத் தெரியாத ஜென்மங்கள்" என்று பாதியிலேயே வைத்துவிடுவார்.

2008 செப்டம்பரில், இனிப் புகாரெல்லாம் கம்பெனி வெப்சைட்டில்தான் என்று முடிவானது. அதற்கான படிவத்தைத் தயார் செய்யக் கம்ப்யூட்டர் பிரிவு மெஹ்னாஸ் வந்து உட்கார்ந்தாள். தோத்தாத்ரி கால்மேல் கால் போட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

"முதல் கேள்வி, இன்வெர்ட்டர் நல்லா ஓடுதா? 'ஆம்'னு தட்டினா உடனே 'நன்றி' வரணும். 'இல்லை'ன்னு தட்டினா பதினேழு பக்கம் திறக்கணும். பில் நம்பர், பேட்டரி நம்பர், கடைக்காரன் பேரு, மாட்டின எலக்ட்ரீஷியன் பேரு, ஒண்ணு விடாம கேளு. ஒரு கட்டம் காலியா இருந்தாலும் மறுபடி முதல் பக்கம்."

"எல்லாத்தையும் சரியா நிரப்பிட்டா சார்?"

"அப்பவும் முதல் கேள்விக்கே அனுப்பு. 'ஆம்'னு தட்டற வரைக்கும் சுத்தட்டும், சனியன்கள்!"

"அப்ப ஒரு புகார்கூட நம்ம கைக்கு வராதே சார்?"

"அதானேம்மா வேணும்! இதுகூடப் புரியலை, நீயெல்லாம் என்ன படிச்சே?"

மெஹ்னாஸ் அப்படியே செய்து கொடுத்தாள். மாதம் இருநூறு வந்துகொண்டிருந்த புகார் ஒரேயடியாக நின்றுபோனது. 'புகார்: பூஜ்யம்' என்ற ரிப்போர்ட்டை மூன்று மாதமும் முதலாளி அக்தரிடம் பல்லெல்லாம் தெரிய நீட்டினார் தோத்தாத்ரி.

போன வாரம்கூட, மூன்று மாதமாக ஓடாத லேத் மெஷினை அக்தர் விற்றார். அதை ஓட்டிய சவுரிமுத்துவுக்கும் வேலை போனது. அந்த மனிதர் கண் கலங்கி நிற்க, "வேலை இல்லாததுக்கு இங்க இடம் எதுக்கு? சரியான முடிவு சார்!" என்று முதல் ஆளாகக் கைதட்டியவர் நம் தோத்தாத்ரிதான்.

நாலு மணிக்கு ஹால் நிரம்பியது. அக்தர் மைக் இல்லாமலே பேசினார்.

"மூணு மாசமா ஒரு புகார் இல்லை. எனக்கே நம்ப முடியலை. தோத்தாத்ரி சார், ரிப்போர்ட் சரிதானே? எதுவும் விட்டுப்போகலையே?"

"சத்தியமா சார்! ஒண்ணே ஒண்ணுகூட வரலை" என்று நெஞ்சில் கை வைத்தார் தோத்தாத்ரி. பின்வரிசையில் மெஹ்னாஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்தர் மாலையைப் போட்டார். சால்வையைப் போர்த்தி, கையில் ஒரு கவரைக் கொடுத்தார். கைதட்டல் அடங்குவதற்குள் தோத்தாத்ரி ஆசையோடு கவரைப் பிரித்தார். உள்ளே இருந்த கடிதத்தைப் படித்துவிட்டு, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார்... ஜெனரல் மேனேஜர்னுல்ல நினைச்சேன்... இதுல என்னமோ..."

அக்தர் அவர் தோளில் அன்பாகத் தட்டிக் கொடுத்தார்.

"புகாரே வராத கம்பெனியில புகார் மேனேஜருக்கு என்ன சார் வேலை?"