கேப்டன் உட்காரும் இடம்

இப்போதெல்லாம் வேனில் ஏறுகிறவர்களுக்கு டிரைவரும் ஒரு சீட் மாதிரிதான். முன்பெல்லாம் ரகசியம் என்றால் சட்டென்று ஆங்கிலத்துக்குத் தாவுவார்கள். அந்த மரியாதையாவது இருந்தது. இன்று பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் மலேசிய தேசியக் கிரிக்கெட் அணியின் கேப்டனைத் தூக்குவதைப் பற்றித் தமிழில், கணீரென்று பேசிக்கொண்டு வந்தார்கள்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ரபேலுக்குக் காது எரிந்தது.

கிள்ளானில் புது ஆட்டக்காரர்களைப் பார்த்துவிட்டு, பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்துக்குத் திரும்பும் வழி. பெடரல் ஹைவேயில் சுபாங்கைத் தாண்டுவதற்குள் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. வேறு வழியில் போகலாமா என்று ரபேல் கிளம்பும்போதே கேட்டார். "பரவால்ல அங்கிள், அவசரமில்ல" என்று சொல்லிவிட்டார் தேர்வுக் குழுத் தலைவர் ரஞ்சன்.

அவசரமில்லாத மனிதரை ரபேல் என்றைக்கும் நம்பியதில்லை.

தொடர்ந்து ஒன்பது ஆட்டம் தோல்வி. பழைய குழுவைக் கலைத்துவிட்டு ரஞ்சனைத் தலைவராகப் போட்டார்கள். கிஷன் என்று ஒரு புதுக் கோச் வந்தான். வேரோடு பிடுங்கி நடப் போகிறோம் என்றார்கள். மூத்த ஆட்டக்காரர் நாலு பேரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மிச்சம் கேப்டன் ரோனி.

ரோனி, ரபேலின் மகன்.

அது கிரிக்கெட் சங்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. பதினோரு வருடத்துக்கு முன் ரோனி அணியில் சேர்ந்த அன்றே ரபேல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: வேன்காரன் மகன் வேன் ஏறியே உள்ளே வந்துவிட்டான் என்று எவனும் நாக்கு மேல் பல்லுப் போட்டுப் பேசக் கூடாது. அடையாள அட்டையில் அவர் அந்தோனிப்பிள்ளை. அந்தப் பெயர் மகன் பெயருக்குப் பின்னால் போயிற்று. ஊர் கூப்பிடும் ரபேல் ஸ்டியரிங்கோடு நின்றுகொண்டது. வேனில் ஏறினால் மற்றவர்களைப் போல ரோனியும் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவான்.

பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூட வாய் தவறியதில்லை.

"திமிரு லா அவனுக்கு," என்றான் கிஷன். "தோத்தா மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிறான். பையனுங்ககிட்ட ஒரு வார்த்த பேசுறதில்ல."

வண்டி நகர்ந்தால் எஞ்சின் சத்தத்தில் ஒளிந்துகொள்ளலாம். நகரவில்லை. இடது பக்கம் பஸ். வலது பக்கம் கண்டெய்னர் லோரி. கதவைத் திறந்தால் அதன் டயரில்தான் இடிக்கும்.

ஹாரனை அழுத்தினார். யாருக்கு என்று அவருக்கே தெரியவில்லை.

"நீங்க சொல்லுங்க அங்கிள்." ரஞ்சன் முன்னால் சாய்ந்தார். "நீங்கதான இவனுங்கள தெனம் ஏத்தி எறக்குறீங்க. ரோனிக்குத் திமிரா?"

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவரிடம் தேசிய அணியைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்கென்ன தெரியும் பாஸ் என்று கழன்றுகொண்டிருக்கலாம். ஆனால் பெற்ற பிள்ளையை ஒருவன் திமிர்பிடித்தவன் என்கிறான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் இருப்பது?

"திமிரு இல்ல பாஸ், வெக்கம்," என்றார். "ஜெயிச்ச காலத்துல கடைசி சீட்டுல பையனுங்களோட கும்மாளம் போடுவான். இப்ப எட்டு மாசமா முன்னால என் பக்கத்துல வந்து உக்காந்துக்கிறான். திரும்பி அவனுங்க மூஞ்சியப் பாக்க முடியல அவனால. அவ்ளோ ரோஷம். இதப் போயி திமிருங்கிறீங்க?"

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாயிற்று. மகனுக்காக ஒரு வார்த்தை பேசியாயிற்று.



"பையனுங்க மூஞ்சியப் பாக்க முடியாத கேப்டன்," என்றான் கிஷன், மெதுவாக.

ரஞ்சன் போனில் எதையோ தட்டினார்.

அப்போதுதான் ரபேலுக்கு உறைத்தது. சொன்னதைத் திருப்பி வாங்க வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து முன்னால் வழி விட்டது. பின்னாலிருந்து நாலைந்து ஹாரன் ஒன்றாகக் கத்தின. வண்டியை எடுத்தார்.

பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் அவர்கள் புதுக் கேப்டனைப் பற்றிப் பேசினார்கள். ஆங்கிலத்தில்.

அலுவலக வாசலில் இறங்கிய ரஞ்சன், டிரைவர் பக்கத்துக் கண்ணாடியருகே வந்து ரபேலின் தோளில் கை வைத்தார்.

"ரோனிகிட்ட நாங்க இன்னும் சொல்லல. இன்னிக்கு ரெஸ்ட்டு, வீட்டுலதான் இருப்பான். நீங்களே சொல்லிருங்க. அப்பா சொன்னத வெச்சித்தான் முடிவு பண்ணோம்னு தெரிஞ்சா சண்டைக்கு வரமாட்டான்."

ரபேலின் கை சாவியிலேயே இருந்தது.

எப்போதிலிருந்து தெரியும்? இன்று காலையிலிருந்தா, பதினோரு வருடமாகவா? கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் அவர் முட்டாள்தான்.

"டீமோட நன்மைக்குத்தான். அடுத்த வருஷம் பாருங்க, எழுந்து நிக்கும்."

"நிக்கும், நிக்கும்," என்றார் ரபேல். "ஒருத்தன நேராப் பாத்து ஒரு வார்த்த சொல்லத் துப்பில்ல. நீங்கதான் டீம எழுப்பி நிறுத்தப் போறீங்க!"

சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினார்.

"நம்புங்க அங்கிள்," ரஞ்சன் பின்னாலேயே நாலு எட்டு வந்தார்.

ரபேல் நம்பவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ரோனி இருக்கும் வீடு வலது பக்கம், பத்து நிமிட நடை.

அவர் இடது பக்கம் நடந்தார்.