மூன்று திட்டுகள்

“இந்த ஆளோட மேலதிகாரிக்கே புகார் எழுதிட்டேன். அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.”

கம்ப்யூட்டர் டீச்சரின் முகம் சிவந்திருந்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த தம்பி நிமிர்ந்தான்.

“எந்த ஆளு, அக்கா?”

“அதான், அந்த வைஃபை கார்டு கம்பெனி இன்ஜினியர்.”

பள்ளிக்கு யாரோ கொடுத்த இருபது பழைய கம்ப்யூட்டர்கள். இலவச லினக்ஸ் போட்டாயிற்று. ஆனால் அவற்றில் இருந்த வைஃபை கார்டை லினக்ஸில் இயக்க, டிரைவர் என்கிற நிரலை யாருமே எழுதி வைக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் இணையம் வராவிட்டால் இருபதும் பழைய இரும்புக் கடைக்கு என்று தலைமையாசிரியர் கறாராகச் சொல்லிவிட்டார்.

கார்டின் விவரக்குறிப்பைக் கேட்டுக் கம்பெனிக்கு எழுதினாள். ‘கம்பெனி ரகசியம். தர இயலாது’ என்று அந்த இன்ஜினியர் கதவைச் சாத்தினார். சரி போ என்று குத்துமதிப்பாக டிரைவரைத் தானே எழுதி, எல்லாரும் பார்க்க இணையத்தில் போட ஆரம்பித்தாள்.

“போட்டதும் கீழேயே கமெண்ட்ல வந்து திட்டுறார்டா, ஊரே பார்க்க! முதல்ல ‘பொறுமை கெட்டவர்’. அடுத்து ‘எண்ணத் தெரியாதவர்’. நேத்து ‘தலைகால் புரியாதவர்’!”

“அப்புறம் கார்டுக்கு உயிர் வந்துடுச்சுன்னியே, அது எப்படி?”

“ரோஷம்தான்! ஒவ்வொரு திட்டுக்கும் உட்கார்ந்து திருத்தினேன். இப்போ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இணைப்பு அறுந்துபோகுது, அது ஒண்ணுதான் மிச்சம்.”

தம்பி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து, திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தான்.

“‘எங்கள் கார்டு கண்விழிக்க ஐம்பது மில்லிசெகண்டு ஆகும். பத்திலேயே உலுக்குகிறீர்களே, பொறுமை கெட்டவர்!’ ‘ஏழாம் இடத்தில் எழுத வேண்டியதை எட்டில் எழுதுகிறீர்களே, எண்ணத் தெரியாதவர்!’ ‘கடைசி பைட்டை அல்லவா முதலில் அனுப்ப வேண்டும், தலைகால் புரியாதவர்!’”

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அக்கா, திட்டை மட்டும் எடுத்துட்டுப் படி. மிச்சம் இருக்கிறது என்ன? நீ கேட்டு அவங்க தரமாட்டேன்னு சொன்ன விவரக்குறிப்பு!”

டீச்சர் மூன்றையும் திட்டை விட்டுவிட்டு மறுபடி படித்தாள்.

“சொல்லிக்கொடுத்தா அவர் வேலை போயிடும். திட்டினா யாரு கேட்கப்போறா?” என்றான் தம்பி.

புகாரை அழித்தாள். அறுந்துபோகிற நிரலை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டு, திரையையே பார்த்தபடி உட்கார்ந்தாள்.

சட்டையை மடித்து முடித்த தம்பி கேட்டான்:

“என்னக்கா, வந்தாரா?”

“இன்னும் திட்டலையேடா” என்றாள் கவலையாக.