இருக்கிற இடம் தெரியாதவன்

வைரக்கண்ணுவின் இரைப்பை கொதித்துப் போயிருந்தது. அதன் உட்சுவரில் ஒரு கிருமி குடியேறி, சுவரையே அரித்துப் புண்ணாக்கி வைத்திருந்தது.

"மரியாதையா வெளியே போடா," என்று இரைப்பை தன் அமிலத்தையெல்லாம் அதன்மேல் கொட்டியது. கிருமியோ சுவரின் வழவழப்புக்குள் பதுங்கிக்கொண்டது. அமிலம் அதைத் தொடக்கூட இல்லை. பொங்கி மேலேறி உணவுக்குழாயைத்தான் சுட்டது.

"உன் கோபத்துக்கு நான்தான் கிடைச்சேனா?" என்று உணவுக்குழாய் சீறியது.

"ஒருத்தன் உள்ளே உட்கார்ந்து என்னைத் தின்னுட்டிருக்கான். அவனைக் கேக்கத் துப்பில்ல, என்கிட்ட வந்து எகிறுற."

உணவுக்குழாய் கீழே எட்டிப் பார்த்தது. கிருமி அடக்கமாகக் கும்பிட்டது. "அக்கா, நான் இருக்கிற இடம் தெரியாம இருக்கேன். அண்ணன்தான் எப்பப் பாத்தாலும் கொதிக்கிறார். இப்படிக் கோபப்பட்டா புண்ணு வராம என்ன செய்யும்?"

"பாரு, எவ்வளவு தன்மையாப் பேசுறான்," என்றது உணவுக்குழாய். "நீயும் இருக்கியே."

இரைப்பைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து வைரக்கண்ணு, "ஒரே வாயுத் தொல்லை," என்று சலித்துக்கொண்டே ஒரு சோடாவை வாங்கிக் குடித்தான். அவன் காதிலாவது விழட்டும் என்று, இருந்த பலத்தையெல்லாம் திரட்டி இரைப்பை அலறியது.

"வாயு இல்லடா, ஆளு. உள்ளே ஒரு ஆளு இருக்கான்."

அந்த அலறல் அவன் வாய்வழியே நீளமான ஏப்பமாக வெளியே வந்தது.

"அப்பாடா," என்று வைரக்கண்ணு வயிற்றைத் தடவிக்கொண்டான். "போயிடுச்சு."