சொன்னால் கேட்கும்

கருப்பையின் உட்சுவரில் புற்றுநோய் என்று தெரிந்தபோது ஜெசிந்தாவுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. கருப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்றார் முதலில் பார்த்த டாக்டர். அடுத்துப் பார்த்த வஹிதா டாக்டர் ஏற்கெனவே கருப்பையிலிருந்து எடுத்திருந்த சதைத் துணுக்கை இன்னொரு சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள் கழித்து அவளை ஆய்வகத்துக்கே அழைத்துப்போய் நுண்ணோக்கியில் பார்க்கச் சொன்னார். நீலத்துக்கு நடுவே பழுப்புப் புள்ளிகள் மணலாக இறைந்து கிடந்தன.

“அந்தப் பழுப்பெல்லாம் ஹார்மோன் குடுக்குற சிக்னலை வாங்குற புரோட்டீன்மா. கெட்டுப்போன செல்லுலயும் அது மிச்சம் இருக்கு. அதனால சொன்ன பேச்சு கேக்கும்னு நினைக்கிறேன். நோயும் ஆரம்பத்துலதான் இருக்கு. ஹார்மோன் மாத்திரை குடுத்துப் பார்ப்போம். கேக்கலைன்னா ஆபரேஷன்தான்.”

ஜெசிந்தா ஒரு வேளை மாத்திரையைக்கூடத் தவறவிடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கருப்பையின் உட்சுவரைச் சுரண்டியெடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். முதல் முறை நோய் பாதியாகக் குறைந்திருந்தது. இரண்டாம் முறை சுவடே இல்லை. மூன்றாம் முறையும் இல்லை.

“இனி தள்ளிப்போடாதீங்க. சீக்கிரமா ஒரு குழந்தை பெத்துக்கப் பாருங்க” என்றார் வஹிதா டாக்டர்.

ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லாததால் கணவன் சூசை வராந்தாவில் நின்றிருந்தான். “என்னட்டி சொன்னாவ?”

சுற்றிலும் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஜெசிந்தா தலையைக் குனிந்துகொண்டாள். “வீட்டுக்கு வாங்க, சொல்லுதேன்.”

சூசையின் முகம் வெளுத்தது. கை சுவரைத் தேடியது. பயப்படாதீங்க, நல்ல சேதிதான் என்று சொல்ல வாயெடுத்தாள். சிரிப்புதான் முந்திக்கொண்டு வந்தது.